பத்தாயிரம் சைக்கிள் இருக்கட்டும், பூட்டிய வீட்டில் ஒரு வருஷம் தாங்குமா?

தண்ணீர் பேட்டரி ஆராய்ச்சியில் இருக்கும் விஞ்ஞானிகளுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். நான் காரைக்குடியில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறவன். விற்பதைவிட, விற்ற பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதுதான் வேலையில் பெரும்பங்கு. 2008 வாக்கில் கரண்ட் கட் தொடங்கிய நேரத்தில் ஒரு ஸ்டூல், ஒரு மல்டிமீட்டர், கடனுக்கு எடுத்த நாலு பேட்டரி என்று ஆரம்பித்த கடை. 2012-ல் பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாதபோது சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடியது, இப்போது சுமாராக ஓடுகிறது. கரண்ட் கட் குறைந்ததற்கு வருத்தப்படும் ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

உங்களுக்கு மடல் எழுத இவன் யார் என்று கேட்கலாம். நீங்கள் ‘அக்வஸ் பேட்டரி’ (தண்ணீர்க் கரைசலில் வேலை செய்யும் பேட்டரி) என்று சொல்வதைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கையில் தொட்டுக்கொண்டிருக்கிறேன். லெட் ஆசிட் பேட்டரியும் தண்ணீர் பேட்டரிதானே. 1859-ல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த சங்கதி. ஆசிட் ஆசிட் என்று நாம் பயப்படுகிறோமே தவிர, ஒரு டியூபுலர் பேட்டரிக்குள் இருக்கும் ஆசிட்டில் எடைக்கு எடை மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீர் என்னென்ன சேட்டை செய்யும் என்பது உங்கள் ஆய்வகத்துக்குத் தெரிந்த மாதிரியே, வேறு வழியில், எனக்கும் தெரியும்.

ஊர்க்காரன் என்ற உரிமையும் கொஞ்சம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நேரத்தில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. எங்களுக்கு அது ‘செக்ரி’. ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரைச் சொன்னால் முழிப்பார். ஆனால் இந்த மடல் செக்ரிக்கு மட்டும் எழுதியதில்லை. உலகத்தில் எங்கே உட்கார்ந்து துத்தநாகத்தையும் தண்ணீரையும் வைத்து பேட்டரி செய்தாலும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் கொஞ்ச நாள் ஓர் ஆராய்ச்சி மாணவர் வாடகைக்கு இருந்தார். சாயங்காலம் கடையில் வந்து உட்காருவார், நான் டெர்மினலைச் சுரண்டி வாசலின் தடவிக்கொண்டிருப்பேன், அவர் தன் துறையில் வந்த கட்டுரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் துத்தநாகம். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, இன்னொரு பக்கம் மாங்கனீஸ் ஆக்சைடோ வனேடியம் ஆக்சைடோ, நடுவில் துத்தநாக சல்பேட் கரைத்த தண்ணீர். தீப்பிடிக்காது, விலை குறைவு, துத்தநாகம் எங்கேயும் கிடைக்கும். கேட்கக் கேட்க எனக்கே ஆசையாகிவிட்டது. ஒவ்வொரு கட்டுரையிலும் முடிவில் ஒரு பெரிய எண் வரும். 5,000 சைக்கிள், 10,000 சைக்கிள் என்று. (மிதிக்கிற சைக்கிள் இல்லை, ஒரு தடவை ஏற்றி இறக்குவது.)

பத்தாயிரமா என்று வாயைப் பிளந்தேன். நான் விற்கும் பேட்டரி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு தாண்டினாலே கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம். அப்புறம் கேட்டேன், “ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு நேரம் தம்பி?” “10சி வேகத்தில்ண்ணே” என்றார். ஆறு நிமிஷத்தில் சார்ஜ், ஆறு நிமிஷத்தில் காலி. பில் போடும் கால்குலேட்டரை எடுத்தேன். 12 நிமிஷம், பத்தாயிரம் தடவை, மொத்தம் இரண்டாயிரம் மணி நேரம். 83 நாள்.

83 நாள்! நான் வாரண்டி கார்டில் எழுதித் தருவது 36 மாசம், 48 மாசம். சோலார் கரண்டைப் பகலில் ஏற்றி ராத்திரி இறக்கும் ஒரு பேட்டரிக்கு நாளைக்கு ஒரு சைக்கிள்தான். அந்தக் கணக்கில் பத்தாயிரம் என்றால் 27 வருஷம். கட்டுரையைப் படிக்கிறவன் மனசில் 27 வருஷம் பதிகிறது, உள்ளே நடந்தது ஒரு கோடை விடுமுறையைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாணவர் 27 வருஷம் ஆய்வகத்தில் உட்கார முடியாது, அவருக்கும் கல்யாணம் காட்சி இருக்கிறது. ஆனால் தண்ணீர் பேட்டரியைப் பொறுத்தவரை வேகமாக ஓட்டிப் பார்ப்பது வெறும் குறுக்குவழி இல்லை, நோயையே மறைத்துவிடுகிற வழி. துத்தநாகம் தண்ணீரில் நிற்கிறது. நிற்கிற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது, ஹைட்ரஜன் குமிழ் விடுகிறது, அந்த இடத்தில் காரம் ஏறி வெள்ளைச் செதிலாக உப்புப் படிகிறது. இந்த அரிப்பு கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது, சைக்கிளை எண்ணி நடப்பதில்லை. பத்தாயிரம் சைக்கிளை 83 நாளில் முடித்தால் அரிப்புக்கு 83 நாள்தான் கிடைத்தது. நாளைக்கு ஒரு சைக்கிள் ஓட்டினால் அதே அரிப்புக்கு 27 வருஷமும் கிடைக்கிறது.

தகடு விஷயம் இன்னும் மோசம். கனம் எவ்வளவு என்று கேட்டேன், 100 மைக்ரான் என்றார். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்றேன், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி ஆம்பியர்-ஹவர் (சார்ஜை அளக்கும் அலகு) என்றார். துத்தநாகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,855 மில்லி ஆம்பியர்-ஹவர் இருப்பதாக அவரே முன்னால் சொல்லியிருந்தார். போட்டுப் பார்த்தால் 100 மைக்ரான் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 58 இருக்கிறது. அதாவது 58 ரூபாயைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ரூபாயை மட்டும் கொடுத்து வாங்கிக் கொடுத்து வாங்கி, பாருங்கள் கணக்கு எப்படி நிற்கிறது என்கிற மாதிரி. கைமாறும்போது தினம் சில்லறை தொலைந்தாலும் பையிலிருந்து ஈடுகட்டிவிடும், வெளியே தெரியாது.

பையில் உபரி இல்லை என்று வையுங்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் போட்டதில் 99.5 சதவீதம் திரும்பி வந்தால் பாஸ் மார்க் மாதிரி தெரிகிறது இல்லையா? நாளைக்கு ஒரு சைக்கிள் என்றால் 44 நாளில் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு வந்துவிடும். 99.9 என்றால் ஏழு மாசம். 99.99 வந்தால்தான் ஆறு வருஷம் தாங்கும், அதாவது என் வாரண்டியைத் தாண்டும். இது நான் மாணவரோடு சேர்ந்து பில் புக்கின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு, உங்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் அந்த இரண்டாவது ஒன்பதுக்கும் நான்காவது ஒன்பதுக்கும் நடுவில்தான் என் வாடிக்கையாளரின் காசு கிடக்கிறது. கட்டுரைச் சுருக்கத்தில் அதைக் காணோம்.

சரி, ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு, முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் கண்ணுக்கெட்டாத தூரம், தூணெல்லாம் பர்மா தேக்கு. குடும்பம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. படைப்புக்கும் (முன்னோருக்குப் படையல் போடும் குடும்பச் சடங்கு) கல்யாணத்துக்கும் மட்டும் வந்து திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுதான், ஒரு வாட்ச்மேன். எங்கள் பக்கத்தில் இப்படித் தெருத் தெருவாக வீடுகள். படைப்புக்கு நாலு நாள் முன்னால் அந்த வீட்டு ஆச்சி போன் செய்தார். “தம்பி, இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்திட்டு நின்னுபோச்சு.”

மாடிப்படிக்குக் கீழே அந்த அறை. கதவைத் திறந்ததும் வௌவால் வாடை. பேட்டரி மேலே ஒரு விரல் தூசி, ஆனால் மிதவைகள் ஆறும் சரியான மட்டத்தில்தான் இருந்தன, தண்ணீர் குறையவில்லை. டெர்மினலில் மீட்டரை வைத்தால் நாலு வோல்ட். ஒவ்வொரு மூடியாகத் திருகி ஹைட்ரோமீட்டரை (ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய்) விட்டு உறிஞ்சினேன். நல்ல பேட்டரியில் 1240 காட்டும். இங்கே ஐந்து செல்லில் 1080, 1070 என்று வந்தது, ஆறாவது செல்லில் கண்ணாடி மிதவை அப்படியே அடியில் உட்கார்ந்துவிட்டது, உள்ளே இருந்தது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். நடந்தது இவ்வளவுதான்: கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க வாட்ச்மேன் மெயினை ஆஃப் செய்துவிட்டார். இன்வெர்ட்டர் தானே சில வாரத்தில் பேட்டரியை உறிஞ்சி முடித்துவிட்டது. அதற்கப்புறம் பதினோரு மாசம் காலியாகக் கிடந்து பிளேட்டெல்லாம் சல்பேட் கட்டிப்போச்சு. மூன்று நாள் மெதுவாகச் சார்ஜில் போட்டேன், ஐந்து செல் எழுந்தது, ஒன்று எழவில்லை. படைப்புக்கு என் கடையிலிருந்து வேறொன்றைத் தள்ளிக்கொண்டு போய் வைத்துக் காப்பாற்றினேன்.

அந்த பேட்டரி மொத்தமே நாற்பது ஐம்பது சைக்கிள்கூட ஓடியிருக்காது. சும்மா இருந்தே செத்தது.

உங்கள் துத்தநாகப் பேட்டரி அந்தப் படிக்குக் கீழே பதினோரு மாசம் இருந்தால் என்னாகும்? இந்த ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறேன். முழுச் சார்ஜில் இருந்தால் என்ன, காலியாக இருந்தால் என்ன, மே மாசம் அந்த அறையில் 40 டிகிரியைத் தாண்டும்போது என்ன. லெட் ஆசிட்டில் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. உங்கள் சரக்குக்கு அந்தக் கணக்கு என்ன? 25 டிகிரி ஏசி அறையில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு நான் செட்டிநாட்டில் என்ன செய்வது?

துத்தநாகமும் ஹைட்ரஜனும் போடும் சண்டை புதுசும் இல்லை. பழைய டார்ச் லைட்டைத் திறந்தால் செல் ஒழுகி, வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் துருப்பிடித்திருக்குமே, அது இதே வம்புதான். அந்தக் காலத்தில் துத்தநாகத்தில் பாதரசம் கலந்து ஹைட்ரஜனை அடக்கிவைத்தார்கள். பாதரசம் விஷம் என்று 1990-களில் பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட்டு, இண்டியம், பிஸ்மத் என்று துளித்துளியாகச் சேர்த்துச் சமாளித்தன. ஆக ஒரே தடவை தீர்த்துத் தூக்கிப் போடுகிற செல்லுக்கே இத்தனை பாடு என்றால், தினம் கரைந்து தினம் படிகிற தகட்டுக்கு எவ்வளவு பாடு என்று புரிகிறது. உங்கள் வேலை லேசானது என்று நான் சொல்லவே இல்லை. தண்ணீர் 1.23 வோல்ட்டுக்கு மேல் போனால் பிரிய வேண்டியது, ஈயம் ஹைட்ரஜன் விடுவதில் மகா சோம்பேறி என்பதால்தான் என் பேட்டரி ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட் தருகிறது. அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் 160 வருஷத் தொழிலே ஓடிக்கொண்டிருக்கிறது.

2015-ல் அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உப்பைக் கொட்டியே தண்ணீரை அடக்கி மூன்று வோல்ட் வரை கொண்டுபோனதையும் மாணவர் சொன்னார். ஒரு கிலோ தண்ணீருக்கு ஆறு கிலோ உப்பு, அதுவும் லித்தியம் கலந்த விலை உயர்ந்த உப்பு. ஊறுகாய்கூட அப்படிப் போட மாட்டார்கள். அறிவியலாகப் பார்த்தால் அபாரம், ஆனால் அந்த விலைக்கு என் கடைக்கு வராது.

இப்போது, தன் நிலையைத் தானே சொல்லும் ‘ஸ்மார்ட்’ பேட்டரி விஷயம். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. போன வருஷம் ஒருவர் புளூடூத் வைத்த லித்தியம் பேட்டரியைக் கொண்டுவந்தார், ஆப்பில் 80 சதவீதம் காட்டிக்கொண்டே ஃபேனை நிறுத்திவிட்டது. வோல்ட்டையும் ஆம்பியரையும் சூட்டையும் மட்டும் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கிற புத்தி அது. பல லித்தியம் பேட்டரிகளில் வோல்ட் முக்கால்வாசி நேரம் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்கும், பாவம் அது எதைப் பார்த்துச் சொல்லும்.

தண்ணீர் பேட்டரிக்கு அந்தக் கஷ்டமே தேவையில்லை என்பதுதான் எனக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்த ஒரே பெரிய விஷயம். தண்ணீரே பேசும். லெட் ஆசிட்டில் சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் பிளேட்டுக்குள் போய்விடுகிறது, தண்ணீர் லேசாகிறது, ஒரு ரப்பர் பல்ப் வைத்த கண்ணாடிக் குழாய், சில நூறு ரூபாய், எந்த செல் நோயாளி என்று தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. சிப் இல்லை, ஆப் இல்லை. வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் (இரண்டு தொட்டியில் இருக்கும் கரைசலைப் பம்ப் வைத்து ஓட்டுகிற வகை) இதைவிட அழகு. ஆஸ்திரேலியாவில் மரியா ஸ்கைலஸ்-கசாகோஸ் என்ற அம்மையார் 1980-களில் உருவாக்கியது, 2022-ல் சீனாவில் தாலியன் நகரத்தில் 100 மெகாவாட், 400 மெகாவாட்-ஹவர் அளவுக்குக் கட்டி ஓட்டுகிறார்கள். அதில் சார்ஜைப் பொறுத்துக் கரைசலின் நிறமே மாறும். ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்தால் பேட்டரி தெரியாதவன்கூட அளவு சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் சமநிலை தப்பினால் இரண்டு தொட்டியையும் கலந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அது எங்கள் ஆள் செய்கிற வேலை மாதிரியே இருக்கிறது.

துத்தநாகப் பேட்டரியிலும் கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மை) மாறுகிறது என்கிறீர்கள். ஹைட்ரஜன் வந்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அப்படியானால் அழுத்தம் பார்க்கும் ஒரு சின்ன சென்சார், கார் டயர் வால்வில் வைக்கிற மாதிரி ஒன்று, ஒவ்வொரு பெட்டியிலும் ஏன் இல்லை? வோல்ட் சொல்வதற்கு முன்னாலேயே அழுத்தம் சொல்லிவிடுமே. சும்மா கிடக்கும்போது அழுத்தம் ஏறினால் அரிக்கிறது என்று அர்த்தம், வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் இன்னும் எத்தனை மாசம் என்று கணக்குப் போடலாம். அந்த ஆச்சி வீட்டு பேட்டரி முதல் மாசக் கடைசியில் “நான் காலியாகிவிட்டேன், யாராவது மெயினைப் போடுங்கள்” என்று சிங்கப்பூருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருக்கும். எனக்கு வேண்டிய ஸ்மார்ட் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இரும்பு ஃப்ளோ பேட்டரி செய்யும் ஒரு கம்பெனி, வீணாகப் போகிற ஹைட்ரஜனைப் பிடித்து மறுபடி கரைசலுக்குள்ளேயே சேர்த்துவிட தனியாக ஒரு சின்ன அமைப்பு வைத்திருக்கிறது. நோயைக் கண்டுபிடித்துக் கத்துவதோடு நிற்காமல் தானே மருந்தும் சாப்பிடுகிறது. அந்த வகை புத்திசாலித்தனத்தில் எனக்கு முழு நம்பிக்கை.

கம்ப்யூட்டரை வைத்து ஆயுள் கணிப்பதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி ஆட்கள் 124 லித்தியம் செல்களை ஓட்டி, முதல் நூறு சைக்கிளை மட்டும் பார்த்து எது எப்போது சாகும் என்று சுமார் ஒன்பது சதவீதப் பிழைக்குள் சொன்னார்கள். அந்தத் தரவு முழுவதையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வைத்தார்கள், அதுதான் பெரிய விஷயம். சில செல் 150 சைக்கிளில் செத்தது, சில 2,300 வரை போனது, எல்லாம் அதில் இருக்கிறது. தண்ணீர் பேட்டரியிலும் அப்படி ஒன்று வேண்டும். செத்த செல்களையும் சேர்த்து. உங்கள் கட்டுரையில் ஜெயித்த செல்லின் கோடு மட்டும் வருகிறது, தோற்ற பதினைந்து செல் மேசை டிராயரில் இருக்கும் என்று மாணவர் சொன்னார் (அவர் வேறு யாரையோ பற்றிச் சொன்னதாகத்தான் சொன்னார்). மெக்கானிக்குக் கற்றுக்கொடுப்பது செத்த பேட்டரிதான். நல்லா ஓடுகிற பேட்டரியைத் திறந்து பார்த்து எவனும் தொழில் கற்றதில்லை.

இதெல்லாம் ஏன் அவசரம் என்றால், லித்தியம் காத்திருக்கவில்லை. 2022-ல் மத்திய அரசின் சூரியசக்திக் கழகம் விட்ட பெரிய டெண்டரில் பேட்டரி சேமிப்புக்கு மெகாவாட்டுக்கு மாசம் பத்தே முக்கால் லட்சத்துக்கு மேல் வாடகை வந்தது. 2025-ல் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. விலையில் அதை ஓடிப்பிடிப்பது கஷ்டம். உப்புத்தண்ணீர் பேட்டரி செய்த அக்வியான், நல்ல பெயர், நல்ல விஞ்ஞானி, பெரிய பெரிய முதலீட்டாளர்கள், 2017-ல் திவால். துத்தநாக-புரோமின் செய்த ஆஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளோ 2024-ல் மூடியது. இரண்டு பேட்டரியும் வெடித்ததால் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் டெண்டர் விதி. பேட்டரி சேமிப்பு டெண்டர்களில் போட்ட கரண்டில் 85 சதவீதம் திரும்பி வரவேண்டும் என்று கேட்கிறார்கள், குறைந்தால் அபராதம், 70-க்கும் கீழே போனால் அந்த மாச வாடகையே கிடையாது. ஃப்ளோ பேட்டரிகள் பெரும்பாலும் 65-லிருந்து 75-க்குள் நிற்பவை, இரும்பு-காற்று பேட்டரி பாதிகூடத் திருப்பித் தராது. லித்தியத்தை மனசில் வைத்து எழுதிய விதி அது, வாசலிலேயே உங்களை நிறுத்திவிடுகிறது. ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில் காற்றாலை ஓட்டி, வாங்க ஆளில்லாமல் நிறுத்திவைக்கிற கரண்டுக்கு 70 சதவீதம் திரும்பினால்கூட லாபம்தானே, வீணாய்ப் போகிறதற்கு அது மேல் இல்லையா? ஆனால் நீங்கள் போய் இதை வாதாடும்போது எதிரே இருப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, “சரி, எத்தனை வருஷம் உழைக்கும்?” அப்போது 10சி-யில் எடுத்த வரைபடத்தைக் காட்டினால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தீ விஷயத்தில் உங்களுக்கு நல்ல துருப்பு இருக்கிறது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் எரிந்து ஊரைக் காலி செய்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் கொரியாவில் தேஜோன் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி எரிந்து நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன. இப்போது வரும் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனாலும் நூறு வருஷத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் எதை வைப்பீர்கள் என்று ஆச்சியைக் கேட்டால், தண்ணீர் பேட்டரி என்றுதான் சொல்வார். அதே சமயம் தண்ணீர் பேட்டரி தீப்பிடிக்காது என்று நீங்கள் எழுதும் வரிக்குக் கீழே ஹைட்ரஜன் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தால் போதும், ஒரு பொறி பட்டால் பேட்டரி மூடி கூரையில் போய் அடிக்கும். நான் பார்த்திருக்கிறேன். காதில் ‘ங்ங்’ என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆக, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மெலிந்த தகட்டை வையுங்கள், கட்டுரையில் சைக்கிளோடு நாளையும் எழுதுங்கள், ஒரு செல்லையாவது முழுச் சார்ஜில் அலமாரியில் போட்டு ஆறு மாசம் மறந்துவிடுங்கள். அழுத்தமும் பிஎச்சும் பார்க்க ஓர் ஓட்டை விடுங்கள். மூடியைத் திறக்கிற மாதிரி செய்யுங்கள், சீல் வைத்துவிட்டால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றலாம் என்றால் எந்தத் தண்ணீர் என்று பெரிய எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் எங்கள் ஊர் ஜனம் ஆர்ஓ தண்ணீர் ஊற்றும், ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றும், அவசரத்துக்கு போர் தண்ணீரையும் ஊற்றும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் விழுந்தால் உங்கள் பேட்டரி என்னாகும் என்பதையும் ஒரு மாணவருக்கு வேலையாகக் கொடுங்கள், சிரிக்காதீர்கள்.

பழைய பேட்டரியை எடைக்குப் போட்டால் ஈயத்துக்குக் காசு வருகிறது, அதனால்தான் தெருவில் ஒரு பழைய பேட்டரிகூட அனாதையாகக் கிடப்பதில்லை. (கண்ட இடத்தில் உருக்கி விஷமாக்குகிறவர்கள் கதை வேறு, அதற்குத் தனியாக ஒரு மடல் எழுதவேண்டும்.) உங்கள் பெட்டிக்குக் கிலோ என்ன விலை என்பதையும் யாராவது யோசித்து வைத்தால் எக்சேஞ்ச் கேட்டு வருகிறவரிடம் நான் பதில் சொல்ல முடியும்.

கடைக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் உள்ளே நின்றால் சட்டை ஒட்டிக்கொள்ளும், ராத்திரி எலி ஓடும், கரண்ட் நினைத்தால் வரும். ஒரு செல்லோ பத்து செல்லோ, நன்றாக வந்ததோ தோற்றுப்போனதோ, எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி, தினம் காலையில் கடை திறந்ததும் வோல்ட், சூடு, வீக்கம் பார்த்து நோட்டில் எழுதிவைக்கிறேன். கூலி வேண்டாம். ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவேன், அதை மட்டும் தடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைதான் கடை, மற்ற நாள் ஒன்பது மணிக்குத் திறந்துவிடுவேன். பங்குனிக்குள் கொடுத்தால் நல்லது, வெயில் வீணாகாது.

இப்படிக்கு,
காரைக்குடி பேட்டரிக் கடைக்காரன்